சமத்துவத்துக்கு உழைத்தவர்களுக்கு விருது: தேர்வு, ஒப்புதல், மேடை பற்றிச் சில கேள்விகள்

மழைக்குருவி:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கூட்டமைப்பு, எல்ஜிபிடி (தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர், திருநர்) சமத்துவத்துக்காக உழைப்பவர்களுக்கு முதன்முறையாக விருது வழங்க முடிவெடுத்திருக்கிறது. வாழ்நாள் பணி, இளம் செயல்பாட்டாளர், ஊடகப் பணி, ஆதரவாளர், குழு என ஐந்து பிரிவுகள் யோசித்து வைத்திருக்கிறோம். விருதுவிழா நடத்திப் பழகியவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

இணைய வாக்கெடுப்பு வைக்கலாம், நிறையப் பேருக்குத் தெரியவரும் என்று ஒரு தரப்பு சொல்கிறது. நடுவர் குழுதான் வேண்டும் என்கிறது இன்னொரு தரப்பு. எது சரி? நல்ல வேலை செய்கிறவர்களில் பலர் வீட்டிலோ வேலையிடத்திலோ தங்களைப் பற்றிச் சொல்லாதவர்கள். அவர்களை எப்படிக் கௌரவிப்பது? பரிந்துரைப் படிவத்தில் என்னென்ன கேட்க வேண்டும்? எதிர்பாலீர்ப்பு கொண்ட ஆதரவாளர்களை எல்லாப் பிரிவிலும் சேர்க்கலாமா, தனிப் பிரிவு போதுமா? பணம் கொடுப்பதா, கேடயம் போதுமா? ஸ்பான்சர் விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

வேலிப்பருத்தி:

வாக்கெடுப்பு வேண்டாம். அதில் ஜெயிப்பது பின்தொடர்வோர் எண்ணிக்கை. இருபது வருடமாக ஆலோசனைத் தொலைபேசியை எடுத்துப் பேசிக்கொண்டிருப்பவர், நேற்று வந்த காணொளிப் பிரபலத்திடம் தோற்பார். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வாக்குச் சுட்டி வெறுப்புக் குழுக்களிடம் போய்ச் சேர்ந்தால், பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரும் அவர்கள் கையில் தேடுதல் பட்டியலாகிவிடும். பொதுமக்கள் பங்கேற்பு வேண்டும் என்றால் பரிந்துரையை எல்லோருக்கும் திறந்துவிடுங்கள், தேர்வை நடுவர்களிடம் கொடுங்கள். அதற்கும் மேல் வேண்டுமானால், எழுத்தில் ஒப்புதல் தந்த மூன்று பேரை மட்டும் வைத்து 'மக்கள் தேர்வு' என்று ஒரே ஒரு பிரிவு நடத்தலாம்.

நடுவர்கள் ஐந்து அல்லது ஏழு பேர் இருக்கட்டும். அமைப்பாளர் தரப்பிலிருந்து ஒருவருக்கு மேல் வேண்டாம். திருநங்கை, திருநம்பி (பெண்ணாகக் கருதி வளர்க்கப்பட்டு ஆணாக வாழ்பவர்), தன்பாலீர்ப்புப் பெண், இருபாலீர்ப்பாளர், ஊடுபாலினர் (ஆண், பெண் என்ற வரையறைக்குள் அடங்காத உடற்கூறோடு பிறந்தவர்) ஆகியோரின் பணி தெரிந்தவர்கள் குழுவில் இல்லையென்றால் அந்தத் தளங்களில் நடக்கும் வேலை கண்ணுக்கே படாது. 'எல்ஜிபிடி' விருது என்று பெயர் வைத்துவிட்டு நகரத்து ஆண்களுக்கே எல்லாம் போய்ச் சேர்வதற்கு முதல் காரணம் நடுவர் குழுவின் அமைப்புதான்.

சார்பு விதியை 'தெரிந்தவர் என்றால் விலக வேண்டும்' என்று எழுதாதீர்கள். சிறிய சமூகத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், கடைசியில் நடுவரே மிஞ்ச மாட்டார். குடும்பத்தினர், இணையர், கடந்த மூன்று ஆண்டுகளில் ஒரே அமைப்பில் வேலை செய்தவர், பணக் கொடுக்கல் வாங்கல் உள்ளவர் என்று துல்லியமாக எழுதுங்கள். கூடவே இந்த வரி கட்டாயம்: 'நடுவர் எவரும் காரணம் சொல்லாமல் விலகலாம்.' முன்னாள் இணையர் ஒருவர் பட்டியலில் இருக்கலாம். அதை விளக்கச் சொன்னால் பட்டியலில் இருப்பவரின் அந்தரங்கத்தையும் சேர்த்து வெளியே போட்டதாகிவிடும்.

மதிப்பெண் விஷயத்தில் பலரும் வழுக்கும் இடம் சராசரி. மூன்று நடுவர்கள் என்று வைத்துக்கொள்வோம், மூன்றாமவர் கறாரானவர். முதல் நபருக்கு 9, 8, 5 கிடைக்கிறது, சராசரி 7.33. இரண்டாம் நபருக்கு முதல் இருவர் 8, 7 தருகிறார்கள். மூன்றாமவர் சார்பு காரணமாக விலகிவிட்டார். சராசரி 7.5. இருவருக்கும் மதிப்பெண் போட்ட இரண்டு நடுவர்களும் முதல் நபரைத்தான் மேலே வைத்தார்கள், ஆனால் விருது இரண்டாமவருக்குப் போகிறது! அதனால் ஒருவர் விஷயத்தில் விலகும் நடுவர் அந்தப் பிரிவு முழுவதிலிருந்தும் விலக வேண்டும். அதற்காகவே மாற்று நடுவர் ஒருவரைத் தயாராக வைத்திருங்கள். மதிப்பெண்ணைக் குறும்பட்டியல் எடுக்க மட்டும் பயன்படுத்துங்கள். இறுதித் தேர்வுக்கு ஒவ்வொரு நடுவரும் 1, 2, 3 என்று வரிசைப்படுத்தட்டும். கூட்டினால் யாருக்குக் குறைந்த தொகையோ அவருக்கு விருது. சமமாக வந்தால் பேசி முடிவெடுங்கள், தலைவருக்கு இரட்டை வாக்கு வேண்டாம்.

ஆதரவாளர் கேள்விக்கு ஒரு முன்னுதாரணம் சொல்கிறேன். எல்ஜிபிடி நூல்களுக்கு வழங்கப்படும் அமெரிக்காவின் லாம்டா இலக்கிய விருது 2009ல், தங்களை எல்ஜிபிடி என்று அடையாளப்படுத்திக்கொள்ளும் எழுத்தாளர்களுக்கு மட்டும் என்று விதியை மாற்றியது. பெரிய விவாதம் எழுந்தது. 2011ல் பெரும்பாலான பிரிவுகளை மறுபடி எல்லோருக்கும் திறந்துவிட்டு, சில விருதுகளை மட்டும் எல்ஜிபிடி எழுத்தாளர்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள். இலக்கியத்துக்கு அது பொருந்தும். செயல்பாட்டுக்கான விருது என்றால் ஆதரவாளருக்குத் தனிப் பிரிவு போதும் என்பேன். காரணம் எளிது. ஒரு நீதிபதியோ நடிகரோ ஒரு நாள் பேசினால் நாளிதழில் வருகிறது, சமூகத்துக்குள் இருப்பவரின் பத்து வருட வேலை வருவதில்லை. ஒரே பிரிவில் போட்டால் சான்றுகளின் கனமே ஆதரவாளர் பக்கம் சாயும். ஆனால் மற்றப் பிரிவுகளில் 'நீங்கள் எல்ஜிபிடியா' என்று யாரையும் கேட்டுவிடாதீர்கள். பரிந்துரை செய்பவர் எந்தப் பிரிவைத் தேர்ந்தெடுக்கிறாரோ அதோடு விடுங்கள்.

ஈரக்காற்று:

வேலிப்பருத்தி கடைசியாகச் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். படிவத்தில் 'பாலின அடையாளம்', 'பாலீர்ப்பு' என்ற கட்டங்களே இருக்கக் கூடாது. பரிந்துரைப்பவர் நல்லெண்ணத்தோடு நிரப்பிவிடுவார், சம்பந்தப்பட்டவருக்குத் தெரியவே தெரியாது. வேலையைப் பற்றி மட்டும் கேளுங்கள். படிவத்தின் மேலேயே 'பரிந்துரைக்கப்படுபவரின் அடையாளம், உடல்நிலை, குடும்பம் பற்றி எழுத வேண்டாம்' என்று போடுங்கள். அதையும் மீறி வந்தால் நடுவர்களிடம் போகுமுன் ஒருவர் நீக்கிவிட வேண்டும்.

கூகுள் படிவம் பயன்படுத்துவதாக இருந்தால் இரண்டு இடங்களைத் திறந்து பாருங்கள். ஒன்று, பதில் சுருக்கத்தைப் பதிலளிப்பவர்களுக்குக் காட்டும் வசதி. அது திறந்திருந்தால், படிவம் அனுப்பியவர் அடுத்த நொடியே மற்றவர்கள் எழுதியதைப் படிக்கலாம். இரண்டு, பதில்கள் போய்ச் சேரும் விரிதாள். 'சுட்டி உள்ள எவரும் பார்க்கலாம்' என்று இருந்தால் அது ஒரு வாட்ஸ்அப் குழுவில் விழுந்தால் போதும். விரிதாள் இரண்டு பேரிடம் மட்டும் இருக்கட்டும். விழா முடிந்து 90 நாளில் தேர்வாகாத பரிந்துரைகளை அழித்துவிடுவோம் என்று படிவத்திலேயே எழுதி, அப்படியே அழியுங்கள். 'பரிந்துரைக்கப்பட்டோர் பட்டியல்' என்று எதையும் எப்போதும் வெளியிட வேண்டாம்.

ஒப்புதலை 'சம்மதமா, இல்லையா' என்று ஒரே கேள்வியாகக் கேட்காதீர்கள். குறும்பட்டியலுக்கு வருபவரிடம் நான்கு நிலைகளாகக் கேளுங்கள்:

அ. பெயர், படம், வேலை எல்லாவற்றையும் வெளியிடலாம்.
ஆ. பெயர் மட்டும் போடலாம், படமும் நேரலையும் வேண்டாம்.
இ. செயல்பாட்டுப் பெயர் அல்லது புனைபெயர் மட்டும்.
ஈ. வெளியே எதுவும் வேண்டாம், நேரில் தனியாகத் தந்தால் போதும்.

'இ', 'ஈ' கேட்பவர்களை இரண்டாம் தரமாக நினைக்காதீர்கள். அமெரிக்க நூலகச் சங்கத்தைச் சேர்ந்த குழு ஒன்று 1971ல் வழங்கிய முதல் விருது, எல்ஜிபிடி நூல்களுக்கான ஸ்டோன்வால் புத்தக விருது என்று இன்று அறியப்படுவது, இசபெல் மில்லர் என்ற புனைபெயரில் எழுதிய ஆல்மா ரௌட்சாங் என்பவருக்குத்தான் போனது. ஒப்புதல் எந்த நேரத்திலும் மாறலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். விழாவுக்கு ஒரு வாரம் முன்பும், அன்று மேடையேறும் முன்பும் மறுபடி கேட்பது நல்லது. வீட்டுச் சூழல் ஒரே வாரத்தில் மாறிவிடும்.

தொடர்பு கொள்ளும் முறையிலும் கவனம் தேவை. வீட்டு முகவரிக்குக் கடிதம் வேண்டாம். வாட்ஸ்அப் செய்தியின் முதல் வரி பூட்டிய திரையில் தெரியும். 'உங்களுக்கு எல்ஜிபிடி விருது' என்று தொடங்கினால் பக்கத்தில் இருப்பவரும் படித்துவிடுவார். 'வணக்கம், ஒரு விஷயம் பேச வேண்டும், எப்போது எப்படிப் பேசலாம்?' என்று தொடங்குங்கள். தொலைபேசியை வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்வது என்று தன்னார்வலருக்கு முன்கூட்டியே ஒரு வாக்கியம் கொடுத்து வையுங்கள். கூரியரில் அனுப்புநர் பெயராக அமைப்பின் முழுப் பெயர் வேண்டாம்.

இவ்வளவு ஏன் என்று யாராவது கேட்டால் உகாண்டாவைச் சொல்லுங்கள். 2010 அக்டோபரில் அங்கே ஒரு வாரப் பத்திரிகை, தன்பாலீர்ப்பாளர்கள் என்று பலரைப் பெயரும் படமும் போட்டு, தூக்கிலிட வேண்டும் என்று அச்சிட்டது. பட்டியலில் இருந்த சிலர் தாக்கப்பட்டார்கள். அந்தப் பத்திரிகைமேல் வழக்குப் போட்டு 2011 ஜனவரித் தொடக்கத்தில் வென்றவர்களில் ஒருவர் அந்நாட்டுச் செயல்பாட்டாளர் டேவிட் கட்டோ. அதே மாதம் 26ஆம் தேதி தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். பின்னர் அவர் பெயரிலேயே ஒரு சர்வதேச விருது தொடங்கப்பட்டது. நாம் கொண்டாடுவதற்காகத் தொகுக்கும் பெயர்களும் படங்களும் வேறு கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை மனதில் வைத்துத்தான் ஒவ்வொரு கோப்பையும் கையாள வேண்டும்.

விழாவில் படமெடுப்பது பற்றி. கழுத்துப் பட்டையில் நிறம் வைத்துப் 'படம் எடுக்காதே' என்று காட்டும் முறை மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்யாது. நிறம் தெரியாது, பட்டை திரும்பிக்கொள்ளும். ஒளிப்படக்காரர் மேடையை மட்டும் எடுக்கட்டும், பார்வையாளர் பக்கம் கேமரா திரும்பவே கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கைதட்டும் கூட்டத்தை எடுத்த ஒரு படம்தான் பெரும்பாலும் ஒருவரை வீட்டில் மாட்டிவிடும். நேரலை வேண்டாம் என்பதே என் கருத்து. பதிவு செய்து, மேடையேறியவர்களிடம் காட்டி, பிறகு ஏற்றுங்கள்.

கல்தூண்:

படிவம் பற்றிக் கேட்டதற்கு வருகிறேன். ஐந்து கேள்விக்கு மேல் வேண்டாம்.

என்ன வேலை செய்தார், 200 சொற்களுக்குள். அதனால் என்ன மாறியது, யாருக்கு? எத்தனை காலமாக? சரிபார்க்க ஏதாவது இருக்கிறதா? பேசக்கூடிய இருவர் யார், அதில் ஒருவராவது அந்த வேலையால் பயனடைந்தவராக இருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்விதான் உயிர். 'விழிப்புணர்வு ஏற்படுத்தினார்' என்று பத்துப் பேருக்கு எழுதலாம். 'மருத்துவமனையின் சேர்க்கைப் படிவத்தில் பெயர் மாற்றத்துக்கு இடம் வந்தது', 'வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவர்களுக்குத் தங்கும் இடம் ஏற்பாடு செய்தார்', 'பள்ளியில் கேலி பற்றிய புகார்களை விசாரிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்' என்பவை சிலருக்குத்தான் எழுத முடியும்.

நன்றாக எழுதத் தெரிந்தவர் பரிந்துரைத்தால் ஜெயிப்பது என்ற நிலை வரக் கூடாது. குரல் செய்தியாகவும் பரிந்துரை வாங்குங்கள். வந்த எல்லாவற்றையும் ஒரே தன்னார்வலர் ஒரே வடிவில் ஒரு பக்கமாகச் சுருக்கி நடுவர்களுக்குத் தரட்டும். ஒருவருக்கு முப்பது பரிந்துரை வந்தாலும் ஒன்றாகவே எண்ணுங்கள், இல்லையென்றால் அது மறைமுக வாக்கெடுப்புதான். தன்னைத்தானே பரிந்துரைக்கவும் அனுமதியுங்கள். தனியாக வேலை செய்பவருக்குப் பரிந்துரைக்க ஆள் இருக்காது.

குறும்பட்டியலுக்கும் இறுதி முடிவுக்கும் நடுவே குறைந்தது மூன்று வாரம் விட்டு, சம்பந்தப்பட்ட சமூகத்தினரிடம் ரகசியமாக விசாரியுங்கள். பாலியல் தொல்லை, பணக் கையாடல், சமூகத்தின் ஒரு பிரிவையே இழிவுபடுத்திய பேச்சு ஆகிய மூன்றும்தான் பின்னால் வெடிப்பவை. லாம்டா விருதிலேயே, திருநங்கையரைப் பற்றிய ஒரு நூல் திருநர் பிரிவின் இறுதிப் பட்டியலுக்கு வந்து, திருநர் சமூகத்தின் கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2004ல் நீக்கப்பட்டது. யாரைப் பற்றிய பிரிவோ அவர்களிடம் முதலில் கேட்டிருந்தால் பட்டியலுக்கே வந்திருக்காது. விருதைத் திரும்பப் பெறும் விதியையும், யார் எத்தனை பேர் சேர்ந்து அந்த முடிவை எடுப்பார்கள் என்பதையும், முதல் ஆண்டே எழுதி வைத்துவிடுங்கள். பிரச்சினை வந்தபின் எழுதும் விதி ஒரு நபருக்கு எதிரானதாகவே பார்க்கப்படும்.

பெயர் விஷயம். கேடயத்தில், சான்றிதழில், திரையில் வரும் பெயரை விருதாளரிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள், எழுத்துக்கூட்டலோடு. உச்சரிப்பைக் குரல் பதிவாக வாங்கித் தொகுப்பாளருக்குக் கொடுங்கள். அச்சுக்குப் போகும் முன் இறுதி வடிவத்தைப் படமெடுத்து விருதாளருக்கு அனுப்பி 'சரி' என்று பதில் வந்த பிறகுதான் பொறிக்க வேண்டும்.

பழைய பெயர் உள்ளே நுழையும் வழிகள் மேடையில் இல்லை, பின்னறையில் இருக்கின்றன. பரிசுத்தொகைக் காசோலை, பயணச்சீட்டு, விடுதி முன்பதிவு, நுழைவாயிலில் அடையாள அட்டை சோதனை. திருநர் ஒருவரின் வங்கிக் கணக்கு இன்னும் பழைய பெயரில் இருந்தால், புதிய பெயருக்கு எழுதிய காசோலையை வங்கி ஏற்காது. பழைய பெயரில் எழுதி மேடையில் பெரிய அட்டையாகக் காட்டினால் அதைவிடக் கொடுமை இல்லை. கணக்குப் பெயரைத் தனியாகக் கேட்டு, தொகையை நேரடியாக வங்கியில் செலுத்துங்கள். அந்தப் பெயரைக் கணக்காளர் ஒருவர் மட்டும் அறிந்தால் போதும். மேடையில் காசோலை வேண்டவே வேண்டாம்.

பாராட்டுரை 80 முதல் 100 சொற்களுக்குள், மேடையில் ஒரு நிமிடத்துக்குள் படித்து முடிக்கும்படி இருக்கட்டும். 'குறையைத் தாண்டி', 'சாதாரண மனிதரைப் போல' மாதிரியான தொடர்களை அடித்துவிடுங்கள். அறுவை சிகிச்சை, பிறந்தபோதைய பாலினம், குடும்பம் விரட்டியது இதெல்லாம் விருதாளரே கேட்டுக்கொண்டால் ஒழிய வரக் கூடாது. அவர் செய்த வேலைக்குத்தான் விருது, பட்ட துன்பத்துக்கு அல்ல.

செங்கழுநீர்:

மேலே மூவரும் தொடாததை மட்டும் சொல்கிறேன்.

பணமா கேடயமா என்றால் பணம். தொகை சிறியதானாலும் பரவாயில்லை. கேடயத்தை வீட்டில் வைக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். மண்டப அலங்காரத்தைக் குறைத்துத் தொகையைக் கூட்டுங்கள். கேடயம் கொடுத்தால் பின்பக்கத்தில் விருதின் பெயர், முன்பக்கத்தில் விருதாளர் பெயரும் ஆண்டும் மட்டும் என்று வடிவமைக்கலாம். எந்த அலமாரியிலும் நிற்கும்.

ஸ்பான்சருக்கு நடுவர் குழுவில் இடம் கிடையாது, குறும்பட்டியலை முன்கூட்டிப் பார்க்கும் உரிமை கிடையாது, விருதின் பெயரோடு நிறுவனப் பெயர் ஒட்டாது. இந்த மூன்றையும் பணம் வாங்கும் முன் கையெழுத்தாக்குங்கள். அந்த நிறுவனத்தில் வேலை செய்யும் எல்ஜிபிடி ஊழியர்களிடம் பேசிப் பாருங்கள். ஒரே பாலின இணையருக்கு மருத்துவக் காப்பீடு உண்டா, புகார் கொடுத்தவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் தெரிந்துவிடும். எந்த ஸ்பான்சரிடமும் மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாங்காதீர்கள். ஒருவர் கடைசி நேரத்தில் விலகினாலும் விழா நிற்காது.

மேடையிலேயே மறுத்துவிடுவார்களோ என்ற பயம் இருந்தால், முன்பே கேட்டு முடிவெடுக்க இரண்டு வாரமாவது நேரம் கொடுங்கள். 2010 ஜூனில் பெர்லின் பெருமிதப் பேரணியின் துணிவு விருதை அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜூடித் பட்லர் மேடையிலேயே ஏற்க மறுத்தார். அமைப்பாளர்கள் இனவெறியிலிருந்து போதிய அளவு விலகி நிற்கவில்லை என்றார், புலம்பெயர்ந்தோருக்காக உழைக்கும் உள்ளூர்க் குழுக்களின் பெயர்களைச் சொல்லி, விருது அவர்களுக்குரியது என்றார். மறுப்பதும் ஒரு கருத்துதான், அதை மதிக்க வேண்டும். யாராவது மறுத்தால் காரணத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர் அனுமதி இல்லாமல் மறுத்த செய்தியை வெளியே சொல்ல வேண்டாம்.

தேதி: நவம்பர் 20 உலகெங்கும் கொல்லப்பட்ட திருநரை நினைவுகூரும் நாள், அன்று விழா வேண்டாம். மே 17 (எல்ஜிபிடி மக்கள்மீதான வெறுப்புக்கு எதிரான நாள்), மார்ச் 31 (திருநரைக் கொண்டாடும் நாள்) இரண்டும் பொருந்தும். ஜூன் பெருமித மாதம், அப்போது எல்லோருக்கும் வேறு நிகழ்ச்சிகள் இருக்கும்.

நிகழ்ச்சி வரிசையில் ஆதரவாளர் விருதைக் கடைசியில் வைக்காதீர்கள். பிரபலம் என்பதால் அப்படி வைக்கத் தோன்றும், கூட்டமும் செய்தியாளர்களும் அவரோடு கிளம்பிவிடுவார்கள். கடைசி இடம் வாழ்நாள் பணிக்கு. மேடைக்குச் சாய்தளம், சைகைமொழி பெயர்ப்பாளர் நிற்கும் இடத்தில் தனி விளக்கு, ஏற்புரைக்கு இரண்டு நிமிடம். விழா ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால் வெளியூர்க்காரர்கள் எழுந்துவிடுவார்கள்.

மழைக்குருவி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. வாக்கெடுப்பை விட்டுவிடுகிறோம், படிவத்தில் இருந்த அடையாளக் கட்டங்களையும் எடுத்துவிட்டோம். இன்னும் இரண்டு சந்தேகம். மறைந்தவர் ஒருவருக்கு வாழ்நாள் பணி விருது கொடுக்க வேண்டும் என்று பலர் விரும்புகிறார்கள். அவருடைய பெற்றோர் குடும்பம் அவரை ஏற்றதில்லை. யாரிடம் கொடுப்பது? இரண்டாவது, ஒரு பிரிவில் தகுதியானவர் யாரும் வரவில்லை என்றால் என்ன செய்வது?

கல்தூண்:

மறைந்தவருக்கு என்றால், அவர் கடைசியாக யாரோடு வாழ்ந்தார், யாரோடு வேலை செய்தார் என்று பாருங்கள். இணையர், வளர்ப்புத் தாய் அல்லது மகள், அவர் குழு என்ற வரிசையில் கேளுங்கள். 'விருதைப் பெறும் உரிமை மறைந்தவரின் இணையர் அல்லது அவர் பணியாற்றிய குழுவுக்கு' என்று விதியில் இருந்தால், விழா நாளில் யாராவது வந்து தகராறு செய்தாலும் காட்ட முடியும். பரிசுத்தொகையைத் தனிநபருக்குத் தராமல் குழுவின் கணக்கில் போடுங்கள், வாரிசுச் சிக்கல் வராது. கடைசிவரை அவர் பயன்படுத்திய பெயர்தான் கேடயத்தில். இறந்தவர் ஒப்புதல் தர முடியாது என்பதால், உயிரோடு இருந்தபோது அவர் வெளியே சொல்லாத எதையும் பாராட்டுரையில் சேர்க்கக் கூடாது.

வேலிப்பருத்தி:

இரண்டாவதற்கு: 'தகுதியான பரிந்துரை இல்லாத பிரிவில் அந்த ஆண்டு விருது வழங்கப்படாது' என்று இப்போதே அறிவிப்பில் சேர்த்துவிடுங்கள். ஆனால் அதற்கு முன் எங்கே பரிந்துரை கேட்டீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் ஆள் இல்லாததால் பிரிவு காலியாவதில்லை, இணையத்தில் மட்டும் அறிவித்ததால்தான் காலியாகிறது. பரிந்துரைக்கு ஆறு வாரம் இருந்தால், மூன்றாம் வார முடிவில் எந்தப் பிரிவுக்கு எங்கிருந்து வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, வராத பகுதிகளின் சுயஉதவிக் குழுக்களுக்கும் மருத்துவ ஆலோசகர்களுக்கும் நேரடியாகத் தொலைபேசி செய்யுங்கள். ஐந்து பிரிவும் முதல் ஆண்டே வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். மூன்று பிரிவை நன்றாக நடத்தினால் நடுவர்களுக்கு ஒவ்வொரு பரிந்துரையையும் முழுதாகப் படிக்க நேரம் கிடைக்கும்.